பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறதா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பிரேக்கை மிதித்தால் கெட்டியாக நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல், பஞ்சை மிதித்தது போல உள்ளே போகிறது. பட்டறையில் இதைச் சொன்னால் பெரும்பாலும் வரும் பதில், "ஏர் இருக்கும் சார், எடுத்துடலாம்." அதாவது, பிரேக் ஆயில் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும், அதை வெளியேற்றிவிடலாம். பல நேரம் அது சரிதான். ஆனால் எதையும் பார்க்காமல் அந்த முடிவுக்கு வருவதுதான் முதல் தவறு. என் பழைய ஹேட்ச்பேக்கில் ஒரே மாதத்தில் இரண்டு முறை ஏர் எடுத்தார்கள். பெடல் அப்படியேதான் இருந்தது. கடைசியில் பார்த்தால், பின்சக்கர டிரம்முக்குள் இருக்கும் அட்ஜஸ்டர் துருப்பிடித்து இறுகி, டிரம்மில் உராய்ந்து வண்டியை நிறுத்தும் ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி கூடிப்போயிருந்தது. கழற்றித் துடைத்து அட்ஜஸ்ட் செய்ததும் பெடல் மேலே வந்துவிட்டது.

ஸ்பானரை எடுப்பதற்கு முன் காலால் சோதித்துப் பாருங்கள். முதல் மிதியில் கீழே போய், அடுத்தடுத்து மிதித்தால் உயரே வந்து கெட்டியாகிறதா? பின் டிரம் அட்ஜஸ்ட்மென்ட் தளர்ந்திருக்கலாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு மிதியுங்கள். அப்போது பெடல் உயரமாக நின்றால் சந்தேகம் ஏறக்குறைய உறுதி. உயரே வந்தாலும் ஸ்பிரிங் போல மெத்தென்று இருந்தால் உள்ளே காற்று இருக்கிறது. பிரேக் ஆயில் அழுத்தினால் சுருங்காது, காற்று சுருங்கும். அந்த மெத்தென்ற உணர்வு அங்கிருந்துதான் வருகிறது.

மூன்றாவது வகைதான் ஆபத்தானது. மிதித்துப் பிடித்துக்கொண்டே இருக்கும்போது பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். எங்கேயும் ஆயில் கசியவில்லை என்றால், பெடலை மிதிக்கும்போது ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்து ஆயிலைத் தாண்டவிடுகிறது. எஞ்சினை அணைத்து, நான்கைந்து முறை மிதித்து, மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டரின் வேக்குவத்தைத் தீர்த்துவிட்டு, லேசான அழுத்தத்தில் அரை நிமிடம் காலை வைத்திருங்கள். பலமாக மிதிக்கும்போது மறைந்துகொள்ளும் இந்தக் கோளாறு லேசான மிதியில் பிடிபடும். பெடல் இறங்கினால் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகாதீர்கள். கட்டி இழுத்தும் போகாதீர்கள், அதற்கும் பிரேக் வேண்டும். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

இதோடு குழப்பிக்கொள்ளும் இன்னொன்று உண்டு. பெடலை மிதித்தபடி எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் அது கொஞ்சம் உள்ளே போகும். அது கோளாறு இல்லை, பூஸ்டர் வேலை செய்வதன் அடையாளம். இதைப் பார்த்துப் பயந்து நல்ல மாஸ்டர் சிலிண்டரை மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

மலையிலிருந்து இறங்கும்போது மட்டும் பெடல் கீழே போனால் விஷயம் வேறு. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரிக்கு வந்துவிடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினால் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் காலிபருக்குப் பக்கத்தில் அந்தச் சூடு எளிதாக வரும். ஆயில் கொதித்து ஆவியாகும், ஆவி காற்றைப் போலவே சுருங்கும், பெடல் தரையைத் தொடும். கொடுமை என்னவென்றால், அடிவாரத்தில் டீ குடித்து முடிப்பதற்குள் எல்லாம் ஆறி, பெடல் பழையபடி கெட்டியாகிவிடும். "சரியாயிடுச்சு" என்று கிளம்பிவிடாதீர்கள். ஆயிலில் ஈரம் அப்படியேதான் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுங்கள், இறக்கத்தில் இரண்டாவது கியரிலேயே வாருங்கள்.

ஏர் எடுக்கத்தான் வேண்டும் என்று ஆனபின் செய்யும் தவறுகள் தனி. பெடலைத் தரைவரை ஓங்கி ஓங்கி மிதிப்பது பழைய வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டரையே கெடுத்துவிடும். அன்றாட ஓட்டத்தில் பிஸ்டன் போகாத ஆழத்தில் அழுக்கும் துருவும் படிந்திருக்கும், அதில் உரசி வாஷர் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு சின்ன மரக்கட்டை வைத்துக்கொள்ளுங்கள். காற்று வெளியேறத் திறந்துவிடும் நிப்பிளை இறுக்குவதற்கு முன் உதவிக்கு இருப்பவர் காலை எடுத்தால், வெளியே போன காற்று திரும்ப உள்ளே வரும். பானெட்டுக்கு அடியில் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் தீர்ந்துபோவதையும் கவனிக்காமல் விடாதீர்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டியில், டப்பா தீர்ந்து புகும் காற்று ஏபிஎஸ் யூனிட்டுக்குள் போய்விட்டால், பல மாடல்களில் வண்டியின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனர் இல்லாமல் எடுக்க முடியாது.

எத்தனை முறை எடுத்தாலும் காற்று தீரவில்லையா? சமீபத்தில் காலிபரைக் கழற்றி மாட்டினார்களா என்று கேளுங்கள். இடதும் வலதும் மாறினால் நிப்பிள் கீழ்ப்பக்கம் வந்துவிடும், காற்று மேலேயே தங்கிவிடும். நிப்பிள் எப்போதும் மேலே இருக்க வேண்டும்.

ஆயில் விஷயத்தில் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில் எழுதியிருப்பதை மட்டும் நம்புங்கள். பெயர் பக்கத்தில் இருக்கிறதே என்று டாட் 4 இருக்கும் இடத்தில் டாட் 5 ஊற்றக்கூடாது, அது சிலிக்கோன், மற்றதோடு சேராது. எஞ்சின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ ஒரு மூடி அளவு விழுந்தாலும் ரப்பர் எல்லாம் ஊதிவிடும். போன வருடம் திறந்து வைத்த பாதி பாட்டிலும் வேண்டாம், ஈரம் குடித்திருக்கும்.

புதிய பிரேக் பேட் போட்டவர்களுக்கு ஒன்று. காலிபரின் பிஸ்டனை உள்ளே தள்ளித்தான் பேட் போடுவார்கள், அதனால் முதல் மிதி வெறுமையாகப் போகும். வண்டியை நகர்த்துவதற்கு முன் நின்ற இடத்திலேயே பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். அப்புறம் ஆளில்லாத இடத்தில் நடை வேகத்தில் நான்கைந்து முறை பிடித்துப் பாருங்கள். மறுநாள் காலை, கிளம்பும் முன், ஒவ்வொரு சக்கரத்தின் உட்பக்கமும் நிப்பிளைச் சுற்றியும் விரலால் தடவிப் பாருங்கள். ஆயில் ஈரம் பட்டால் வண்டியை எடுக்காதீர்கள்.