300 பாகையிலும் தளராத காந்தம் செய்ய

மோட்டாருக்குள் சூடு 250 பாகை செல்சியஸைத் தாண்டுமென்றால் நியோடிமியம் காந்தத்தை மறந்துவிடுங்கள். அது 310 பாகையளவில் காந்தத்தன்மையையே இழந்துவிடும். டிஸ்ப்ரோசியம் என்ற அரிய உலோகத்தைக் கலந்தாலும் 200 சொச்சம்தான் தாங்கும். நமக்குத் தேவை 2:17 வகைச் சமாரியம்-கோபால்ட், அதாவது இரண்டு சமாரியம் அணுவுக்குக் கோபால்ட் முதலான மற்ற உலோக அணுக்கள் பதினேழு. நிறையில் கால் பங்கு சமாரியம், பாதியளவு கோபால்ட், மீதி இரும்பு, செம்பு, கொஞ்சம் சிர்கோனியம்.

உருக்கி வார்த்த கலப்புலோகத்தை நொறுக்கி 3 முதல் 5 மைக்ரோன் வரை அரைக்க வேண்டும். இந்தத் தூள் காற்றுப் பட்டாலே தீப்பற்றும். பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது, உலர்ந்த மணலைக் கொட்டுங்கள். கொழும்பின் ஈரக்காற்று இதற்குப் பெரிய எதிரி. அறையில் ஏசி ஓடுகிறதே என்று நம்பி மூடியைத் திறக்காதீர்கள். அரைப்பது, நிரப்புவது எல்லாமே ஆர்கன் வாயுவுக்குள் நடக்கட்டும். உள்ளே வரும் ஒட்சிசன் முதலில் பிடிப்பது சமாரியத்தைத்தான். அதனால்தான் கணக்கைவிடச் சற்றுக் கூடுதலாகச் சமாரியம் சேர்க்கிறோம்.

1.5 டெஸ்லாவுக்குக் குறையாத காந்தப்புலத்தில் தூளை ஒரே திசைக்குத் திருப்பி அழுத்துங்கள். பிறகு மொலிப்டினம் தட்டில் வைத்து உலைக்குள் விடலாம். கொழும்பின் பழைய சோனகத் தெருவில் ஆணியிலிருந்து பம்ப் வரை வாங்கலாம், ஆனால் இந்தத் தட்டை வெளிநாட்டிலிருந்துதான் எடுப்பிக்க வேண்டும். 1200 பாகைக்குச் சற்று மேலே ஒன்றிரண்டு மணி நேரம் சின்டர் செய்து (தூள் மணிகள் ஒன்றோடொன்று இறுகிப் பிணையச் சுட்டு), 1170 அளவுக்கு இறக்கிச் சில மணி நேரம் வைத்து, சட்டென்று குளிர்விக்கவும்.

சரி, காந்தம் கெட்டியாகிவிட்டது. ஆனால் இந்த நிலையில் அதற்குச் சூட்டைத் தாங்கும் வலு இன்னும் வரவில்லை. எல்லோரும் சின்டர் வெப்பநிலையைப் பற்றியே கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் இனி வரும் பகுதிக்குத்தான் தூக்கம் கெட வேண்டும். 830 பாகையில் பத்து மணி நேரத்துக்கு மேல் வைத்துவிட்டு, நிமிடத்துக்கு 0.7 பாகை வீதம் 400 வரை இறக்க வேண்டும். இறக்க மட்டுமே பத்து மணி நேரம் பிடிக்கும். அந்த மெதுவான இறக்கத்தில்தான் செம்பு காந்தத்துக்குள் உருவாகும் நுண்ணறைகளின் சுவர்களில் போய்ச் சேருகிறது. காந்தம் திசை மாறாமல் பிடித்து வைப்பது அந்தச் சுவர்கள்தான்.

2022 இல் 13 மணி நேர மின்வெட்டு இருந்த நாட்களில் இந்த வேலையை நினைத்தும் பார்க்க முடியாது. இப்போதும் ஏப்ரல், ஒக்டோபர் பின்னேர இடிமழையை நம்ப ஏலாது. உலையின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு மட்டும் யூபிஎஸ் போட்டால் போதாது, சூடேற்றும் சுருளுக்கு ஜெனரேட்டர் வேண்டும். நடுவில் கரண்ட் போய்விட்டதா? துண்டுகளை வீசாதீர்கள். மறுபடி 1170 க்கு ஏற்றி, சட்டென்று குளிர்வித்து, 830 இலிருந்து தொடங்குங்கள்.

வைரச் சில்லில் தண்ணீர் விட்டுத் தீட்டிய பிறகே காந்தமேற்றுங்கள். முதலே ஏற்றினால் தீட்டும்போது உதிரும் தூள் முழுக்க ஒட்டிக்கொள்ளும். கடைசியில் காந்தப் பாயத்தை (magnetic flux) அளந்து, 300 பாகையில் இரண்டு மணி நேரம் வைத்து, ஆறியதும் திரும்ப அளக்கவும். அளவு நன்றாக இறங்கியிருந்தால் தூளைக் குறை சொல்லுமுன் உலையின் வெப்பநிலைப் பதிவை எடுத்து, 830 க்கும் 400 க்கும் இடையில் கோடு எங்காவது செங்குத்தாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.