பிஎச்டியை முடிப்பதா, பொது சுகாதார வேலைக்குப் போவதா: முடிவெடுப்பது எப்படி?

மைக்ரோபயாலஜியிலோ விலங்கியலிலோ நான்காவது வருட ஸ்காலர், லேப் சலித்துவிட்டது, மனசெல்லாம் டெங்கு, காசநோய், தடுப்பூசி என்று களப்பணிப் பக்கம் ஓடுகிறது, விட்டுவிடலாமா என்று யோசிக்கிறீர்கள். நீங்கள் எம்பிபிஎஸ் படித்தவர் இல்லை என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், டாக்டர்களுக்குக் கணக்கே வேறு.

முதலில் மிச்ச வேலையை எண்ணுங்கள். "கொஞ்சம்தான் பாக்கி" என்று சொல்லிக்கொண்டே இரண்டு வருடம் ஓட்டியவர்கள் எல்லா டிபார்ட்மென்டிலும் உண்டு. தீசிஸின் ஒவ்வொரு அத்தியாயத்திலும் எந்தப் படம், எந்த அட்டவணை வரப்போகிறது என்று ஒரு தாளில் எழுதி, டேட்டா கையில் இருப்பது எது, இன்னும் பரிசோதனையே தொடங்காதது எது என்று பிரித்துப் பாருங்கள். எழுதுவது மட்டும்தான் பாக்கி என்றால் யோசிக்கவே வேண்டாம், முடித்துவிட்டுப் போங்கள். சமர்ப்பித்த பிறகு வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு) காத்திருக்கும் காலத்தில் வேலை தேடலாம். பாதிப் படங்கள் இன்னும் கனவில்தான் இருக்கின்றன என்றால் மேலே படியுங்கள்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிகளின்படி பிஎச்டிக்கு அதிகபட்சம் 6 ஆண்டு, மறுபதிவு செய்தால் இன்னும் 2, பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் 2. (முன்பே சேர்ந்தவர்கள் பழைய விதியைப் பார்க்கவும்.) ஆனால் பணம் அவ்வளவு நாள் வராது. ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், அடுத்த நிலையான எஸ்ஆர்எஃப் ஆனால் 42,000, அதுவும் மொத்தம் ஐந்து வருடத்தோடு சரி. ஆறாவது வருடத்தை யார் காசில் ஓட்டுவது என்பதை இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள்.

அடுத்தது, பொது சுகாதாரத்தில் உங்களுக்கு எந்த வேலைதான் கிடைக்கும்? இதைப் பார்க்காமல் கிளம்புகிறவர்கள்தான் அதிகம். தமிழ்நாட்டில் பொது சுகாதாரத்துக்கென்றே தனி இயக்குநரகம் இருக்கிறது, சட்டமே 1939இலிருந்து இருக்கிறது, ஆனால் மாவட்ட சுகாதார அலுவலர் மாதிரியான பதவிகள் எம்பிபிஎஸ் முடித்தவர்களுக்கு. பிஎச்டி முடித்தாலும் முடிக்காவிட்டாலும் அது மாறாது. நமக்கு இருப்பது ஆராய்ச்சி நிறுவனங்கள், ஒப்பந்தப் பணிகள், தொண்டு நிறுவனங்கள். சென்னையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், புதுச்சேரியில் கொசு போன்ற நோய்க்கடத்திகளுக்கான விசிஆர்சி, இங்கெல்லாம் விஞ்ஞானி ஆக வேண்டுமென்றால் பிஎச்டிக்கு மதிப்பு உண்டு. தேசிய சுகாதாரத் திட்டத்தின் ஒப்பந்த வேலைக்கோ, தொண்டு நிறுவனத்துக்கோ போவதென்றால் எம்பிஎச்சும் (பொது சுகாதார முதுகலைப் படிப்பு) கள அனுபவமும்தான் பேசும், தீசிஸை யாரும் புரட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். எம்பிஎச் படிக்கத் திருவனந்தபுரத்தில் அச்சுத மேனன் மையம், மும்பையில் டிஸ் (டாடா சமூக அறிவியல் நிறுவனம்) என்று டாக்டர் அல்லாதவர்களையும் சேர்க்கும் இடங்கள் உண்டு. பூச்சியியல்காரர்களுக்கு விசிஆர்சியிலேயே பொது சுகாதாரப் பூச்சியியலில் எம்எஸ்சி இருக்கிறது.

எனவே, நீங்கள் போக நினைக்கும் வேலைக்கு வந்த நான்கைந்து பழைய விளம்பரங்களை எடுத்து, கேட்ட தகுதியை வரிவரியாகப் படியுங்கள். சீனியர்கள் சொல்லும் ஆலோசனையைவிட (என்னுடையதையும் சேர்த்துத்தான்) அது உருப்படியானது.

அப்புறம் ருசி, அதாவது அந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா என்பது. 2022இல் தமிழ்நாட்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நோய் உறுதியானதும் உயரம், எடை, மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன், கால் வீக்கம், பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா, இவ்வளவையும் பார்த்து, நிலைமை மோசமானவர்களை உடனே மருத்துவமனையில் சேர்ப்பது. புது மருந்து இல்லை, புது மூலக்கூறு இல்லை. எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும், எல்லா நோயாளிக்கும், ஒருவரையும் விடாமல் இதைச் செய்யவைப்பதுதான் வேலையே. அதற்குப் பயிற்சி கொடுப்பது, படிவம் சரியாக நிரம்புகிறதா என்று பார்ப்பது, எக்செல்லில் ஒரே நோயாளியின் பெயர் மூன்று எழுத்துக்கூட்டலில் இருப்பதைச் சரிசெய்வது, மாதாந்திரக் கூட்டத்தில் உட்காருவது. இதைப் படிக்கும்போது உற்சாகம் வந்தால் நீங்கள் அந்தப் பக்கத்து ஆள். கொட்டாவி வந்தால், உங்களுக்குப் பிடிக்காதது லேப் இல்லை, கைடாக (ஆய்வு வழிகாட்டி) இருக்கலாம். அதற்குக் கைடை மாற்றக் கேட்பது சின்ன வழி. பொது சுகாதாரத்திலும் மேலதிகாரிகள் இருக்கிறார்கள், அவர்களும் மனிதர்கள்தான்.

பிஎச்டியை விட்டுத்தான் ருசி பார்க்க வேண்டும் என்று இல்லை. உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரோடோ சுகாதார ஆய்வாளரோடோ, அனுமதி வாங்கி, சில நாள் சுற்றுங்கள். ஆர், எபி இன்ஃபோ என்ற புள்ளிவிவர மென்பொருள்கள் இரண்டும் இலவசம், கற்றுக்கொள்ளுங்கள், தீசிஸுக்கும் உதவும். கடைசி அத்தியாயத்தை மட்டும் பொது சுகாதாரப் பக்கம் திருப்ப முடியுமா என்று டாக்டரல் கமிட்டியில் கேட்டுப் பாருங்கள். ஆன்டிபயாடிக் எதிர்ப்பில் வேலை செய்கிறவர்களுக்கு இது இயல்பாகவே அமையும். பார்ட் டைமுக்கு மாற்றிக்கொண்டு வேலைக்குப் போய், ராத்திரியில் எழுதுகிறேன் என்ற திட்டத்தில் மட்டும் எனக்கு நம்பிக்கை கிடையாது, களத்திலிருந்து திரும்பிய ராத்திரியில் தூக்கம்தான் வரும்.

விடுவது என்று முடிவானால் சொல்லாமல் மாயமாகாதீர்கள். ஃபெலோஷிப் உத்தரவில் பணத்தைத் திருப்பித் தரும் நிபந்தனை இருக்கிறதா என்று பார்த்து, விலகல் கடிதத்தை எழுத்தில் கொடுத்து, அசல் சான்றிதழ்கள் அலுவலகத்தில் இருந்தால் கேட்டு வாங்குங்கள். லேப் நோட்டுப் புத்தகங்களை ஒப்படைக்கும்போது, வரப்போகும் கட்டுரைகளில் உங்கள் பெயர் எந்த இடத்தில் இருக்கும் என்பதைக் கைடிடம் மெயிலில் எழுதி, பதிலும் வாங்கிக்கொள்ளுங்கள்.