கோடையில் சென்னைக்குப் போகிறவர்கள் தண்ணீரை விசாரித்துவிட்டுப் போங்கள்

மே, ஜூனில் சென்னைக்கு டிக்கெட் எடுக்கும் முன் வீட்டில் தண்ணீர் எப்படி வருகிறது என்று கேளுங்கள். அம்மாவிடம் கேட்டால் "அதெல்லாம் வருதுப்பா" என்பார். பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

நான் கேட்கவில்லை. 2019 ஜூனில் பிள்ளைகளோடு போய் இறங்கினேன். முந்தைய ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்து, சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு கிடந்தன. கத்திரி முடிந்தும் வெயில் 40 டிகிரியைத் தாண்டிக்கொண்டிருந்தது. லாரித் தண்ணீருக்குப் பதிந்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். அம்மா வீட்டுக் குழாயில் காலையில் அரை மணி நேரம்தான் தண்ணீர்.

மூன்றாம் நாளே அடுக்ககச் சங்கத்தார் வந்துவிட்டார்கள். புதிதாக போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போட வேண்டுமாம். எல்லோருக்கும் ஒரு பங்கு, வெளிநாட்டில் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இரண்டு பங்கு. என்ன கணக்கு இது என்று கேட்டேன். "நீங்க போயிடுவீங்க சார், அம்மா இங்கதானே இருக்கணும்" என்றார் ஒருவர். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கொடுத்துவிட்டேன். இரண்டு இரவு போர் வண்டி இரைந்தது. 280 அடி வரை புழுதிதான் வந்தது. இன்னும் ஆழமாகப் போக மறுபடி பணம் கேட்டு நான்கு மாலை கூட்டம் போட்டார்கள். என் விடுமுறையில் பாதி அதிலேயே போனது.

அப்படி ஒரு மாலையில்தான் அப்பா தோண்ட வைத்த குழியைத் தேடினேன். 2003-இலும் இதே பஞ்சம்தான். அந்த மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி. அந்த ஆண்டு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது அப்பா கூடவே நின்று போட வைத்த குழி அது. கார் நிறுத்துவதற்காக அதன் மேல் சிமென்ட் பூசியிருந்தார்கள்.

போருக்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். குழியைத் திறக்கக் கொடுங்கள். பிள்ளைகளுக்கு வாளிக் குளியலை முன்பே பழக்குங்கள். நாங்கள் தினமும் குளித்த தண்ணீர், அம்மா ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளித்து மிச்சம் பிடித்தது. கிளம்புவதற்கு முந்தைய நாள்தான் எனக்குத் தெரிந்தது.

இப்போது ஒவ்வொரு செப்டம்பரிலும் ஆள் வைத்து மொட்டை மாடியைப் பெருக்கி, குழியில் மண் அள்ளச் சொல்கிறேன். முடிந்ததும் படம் அனுப்பச் சொல்லுங்கள், அம்மா சொல்வதை மட்டும் நம்பாதீர்கள்.