பழைய பிரவுசரோடு மல்லுக்கட்டும்போது நாம் செய்யும் தவறுகள்

வெப்சைட் வேலையை முடித்துக் கொடுத்து, பில்லும் அனுப்பிய பிறகு கிளையண்டிடமிருந்து ஒரு போன் வரும்: "தம்பி, எங்க ஆபீஸ்ல திறந்தா வெறும் வெள்ளையா இருக்கே?" போய்ப் பார்த்தால் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11. எனக்கு இப்படி நடந்தபோது மனதுக்குள் கிளையண்டைத்தான் திட்டினேன். தப்பு என்னுடையது. வேலையை ஒப்புக்கொண்ட அன்றே எந்தப் பிரவுசர், எந்தப் பதிப்பு என்று கேட்டு எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

அந்த வெள்ளைப் பக்கத்துக்குக் காரணம் ஒரே ஒரு அம்புக்குறி. ஜாவாஸ்கிரிப்டில் 2015-இல் வந்த ஆரோ ஃபங்ஷனை, அதாவது => என்று அம்புக்குறி போட்டு ஃபங்ஷன் எழுதும் முறையை, எக்ஸ்ப்ளோரர் 11 அறியாது. அறியாத குறியைக் கண்டால் ஃபைல் முழுவதையும் ஓட்டாமல் விட்டுவிடும். பாலிஃபில் என்ற துணை ஸ்கிரிப்டைச் சேர்த்தால் சரியாகிவிடும் என்று ஒரு நாள் முழுக்க முட்டிமோதினேன். இல்லாத ஃபங்ஷனைத்தான் பாலிஃபில் ஈடுகட்டும். இலக்கணமே புரியாத பிரவுசருக்கு, பேபல் மாதிரி ஒரு கருவியை வைத்து நம் புரோகிராமைப் பழைய நடைக்கு மாற்றித்தான் அனுப்ப வேண்டும். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் கொஞ்சம் சாது. தெரியாத வரியைத் தாண்டிப் போய்விடும். ஆனால் ஒரு விதி பக்கத்தில் எதற்குப் பொருந்தும் என்று சொல்பவை செலக்டர்கள்; கமா போட்டு அடுக்கிய செலக்டர்களில் ஒன்று புரியாவிட்டாலும் அந்த விதி மொத்தமும் போச்சு.

இதைவிடப் பழைய தவறு, பிரவுசர் சர்வரிடம் சொல்லும் பெயரைப் பார்த்து முடிவெடுப்பது. 90-களில் நெட்ஸ்கேப் பிரவுசர் தன்னை 'மொசில்லா' என்று சொல்லிக்கொண்டது. அந்தப் பெயரைக் கேட்டால்தான் சர்வர்கள் நல்ல பக்கத்தைக் கொடுத்தன என்பதால், எக்ஸ்ப்ளோரரும் மொசில்லா வேஷம் கட்டியது. இன்றைக்கும் குரோம், சஃபாரி எல்லாம் 'மொசில்லா/5.0' என்றுதான் ஆரம்பிக்கின்றன. 2009-இல் ஓபெரா 10 வந்தபோது இன்னொரு கூத்து. பல தளங்கள் பதிப்பு எண்ணில் முதல் இலக்கத்தை மட்டும் படித்து, 10-ஐ 1 என்று எடுத்துக்கொண்டன. வேறு வழியில்லாமல் ஓபெரா தன்னை 9.80 என்றே சொல்லிக்கொண்டு திரிந்தது. 2022-இல் குரோம் 100 வருவதற்கு முன்பும் இதே பயம் இருந்தது.

பெயரை விட்டுவிட்டு, "உனக்கு இது தெரியுமா" என்று வசதியைக் கேட்பதே வழி. சிஎஸ்எஸ்ஸில் அதற்கு 'சப்போர்ட்ஸ்' (@supports) விதி இருக்கிறது; கேட்ட வசதி தெரிந்தால் மட்டுமே பிரவுசர் அதற்குள் இருப்பதை எடுத்துக்கொள்ளும். எக்ஸ்ப்ளோரர் 11-க்கு அந்த விதியே தெரியாது. அதுவும் நமக்கு நல்லதுதான். பக்கத்தை அடுக்கும் பழைய முறையான எளிய ஃப்ளோட் அமைப்பை வெளியே எழுதிவிட்டு, புதிய முறையான கிரிட்டை அந்த விதிக்குள் வைத்தால், எக்ஸ்ப்ளோரர் உள்ளே எட்டிக்கூடப் பார்க்காது.

எல்லா இடத்திலும் பிக்சல் மாறாமல் வர வேண்டும் என்று அடம்பிடிப்பதும் வேண்டாத வேலை. பழைய பிரவுசரில் மூலை வளையாவிட்டால் யார் கவனிக்கப்போகிறார்கள்? படிவம் போய்ச் சேர்ந்தால் போதும்.

சரி, 2022 ஜூனில் மைக்ரோசாஃப்டே எக்ஸ்ப்ளோரர் 11-க்கு ஓய்வு கொடுத்துவிட்டதே, இனி என்ன என்று இருந்துவிட வேண்டாம். ஐபோனில் சஃபாரியின் எஞ்சினான வெப்கிட், போனின் ஐஓஎஸ்ஸோடு சேர்ந்துதான் புதுப்பிக்கப்படுகிறது. அப்டேட் நின்றுபோன பழைய ஐபோன்காரரிடம் "குரோம் போட்டுப் பாருங்க" என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. அதற்குள்ளே ஓடுவதும் அதே பழைய வெப்கிட்தான்.