கோள்களை மைதானத்தில் நடக்க விடுங்கள்

சூரியக் குடும்பப் பாடத்தைக் கோள்களின் பெயரை ஒப்பிப்பதில் தொடங்கினால், பிள்ளைகளுக்கு மிஞ்சுவது ஒரு பட்டியல்தான். நான் சுற்றலில் தொடங்குவேன், பெயர்கள் தானாகப் பதிந்துவிடும். தேவையானவை ஒரு மைதானம், அளவு நாடா, கயிறு, சுண்ணாம்புப் பொடி, சத்தமாகக் கைதட்டக்கூடிய ஒரு மாணவர்.

மைதானத்தின் நடுவில் ஒரு முளை அடியுங்கள். அதுதான் சூரியன். கயிற்றை அதில் கட்டி நான்கு வட்டங்கள் போடுங்கள்: புதனுக்கு 1.2 மீட்டர் ஆரம், வெள்ளிக்கு 2.2, பூமிக்கு 3, செவ்வாய்க்கு 4.6. நிஜத்தில் சுமார் 15 கோடி கிலோமீட்டராக இருக்கும் பூமி-சூரியன் தூரத்தை 3 மீட்டராகச் சுருக்கியிருக்கிறோம்.

அடுத்து, ஒவ்வொரு வட்டத்திலும் சம இடைவெளியில் புள்ளிகள். ஒரு கைதட்டலுக்கு 14 நாள் என்று கணக்கு. பூமியின் 365 நாளுக்கு 26 புள்ளி வரும், இடைவெளி 72 செ.மீ. வெள்ளி 225 நாளில் சுற்றுவதால் 16 புள்ளி, 86 செ.மீ. செவ்வாய்க்கு 687 நாள், 49 புள்ளி, 59 செ.மீ. புதனுக்கு 88 நாள்தான், 6 புள்ளி போதும். அதன் இடைவெளியும் ஆரமும் ஒன்றே, 1.2 மீட்டர். (வட்டத்துக்குள் அறுகோணம் வரையும் அதே கணக்கு. கணித ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் அவரிடம் விட்டுவிடலாம்.)

வட்டத்துக்கு ஒருவரை நிறுத்தி, ஒரு தட்டலுக்கு ஒரு புள்ளி நகரச் சொல்லுங்கள். மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் எல்லோரும் போக வேண்டும். வகுப்பில் உட்காரவே முடியாத பிள்ளையைப் புதனாக்கிவிடுங்கள், அதற்குத் தாவிக்கொண்டே இருக்கும் வேலை. பத்துப் பதினைந்து தட்டலிலேயே யாராவது கேட்பார்கள்: "செவ்வாய்க்கு மட்டும் ஏன் இவ்வளவு சின்ன அடி?" இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும். வெளிக்கோளுக்குப் பாதையும் நீளம், வேகமும் குறைவு. புதன் நொடிக்குச் சுமார் 47 கிலோமீட்டர், பூமி 30, செவ்வாய் 24. தூரம் கூடக்கூடச் சூரியனின் ஈர்ப்பு தளர்கிறது. அங்கே பாதையில் நிற்க அவ்வளவு வேகம் தேவையில்லை.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. புதனையும் வெள்ளியையும் உட்கார வைத்துவிட்டு, பூமியைச் செவ்வாய்க்கு மூன்று பூமிப் புள்ளிகள் பின்னால் நிறுத்துங்கள். ஒவ்வொரு தட்டலுக்குப் பிறகும் பூமி செவ்வாயை நோக்கிக் கையை நீட்டட்டும். அந்தக் கை தொலைவில் எந்த மரத்தை, எந்தக் கட்டடத்தைக் காட்டுகிறது என்று மற்றவர்கள் குறித்துக்கொள்ளட்டும். அந்தத் தொலைவுப் பொருள்கள்தான் நமக்கு நட்சத்திரங்கள், பக்கத்துச் சுவரை எடுத்துக்கொண்டால் சரிவராது. முதலில் கை முன்னோக்கி நகரும். நான்காவது தட்டல் வாக்கில் தயங்கும், பிறகு பின்னோக்கித் திரும்பும். ஆறாவது தட்டலை ஒட்டிப் பூமி செவ்வாயை முந்தும். ஒன்பதாவதுக்கு மேல் கை மறுபடி முன்னோக்கிப் போகும். செவ்வாய் நடந்தது ஒரே திசையில்தான் என்பதை எல்லோரும் கண்ணால் பார்த்திருப்பார்கள். வானில் செவ்வாய் சுமார் 26 மாதத்துக்கு ஒருமுறை காட்டும் பின்னோக்கிய நகர்வு இதுதான். இதை நிதானமாகச் செய்யுங்கள், தேவைப்பட்டால் வேறு இருவரை வைத்து இன்னொரு முறை.

"பாதை நீள்வட்டம் என்று படித்தோமே, வட்டம் போட்டிருக்கிறீர்களே?" என்றும் ஒரு கேள்வி வரும். முட்டை போல நீண்ட படங்கள் செய்கிற கோளாறு அது. வானியலாளர் கெப்ளர் 1609-இல் சொன்ன நீள்வட்டம் உண்மைதான், ஆனால் நம் அளவில் செவ்வாயின் பாதை வட்டத்திலிருந்து விலகுவது ஓரிரு சென்டிமீட்டர்தான். சூரியன்தான் நடுவிலிருந்து 40 செ.மீ. போலத் தள்ளி இருக்கும். பூமிக்கு அதுவும் வெறும் 5 செ.மீ. பூமி சூரியனுக்கு மிக அருகே வருவது ஜனவரியில், வட அரைக்கோளத்தின் குளிர்காலத்தில். ஆக, பருவங்களுக்குக் காரணம் தூரம் இல்லை, அச்சின் சாய்வு.

வெளிக்கோள்களுக்கு வட்டம் போட முயல வேண்டாம். வியாழன் 16 மீட்டர், நெப்டியூன் 90 மீட்டர். ஒருவரை 90 மீட்டர் தள்ளி நிறுத்தி, தட்டலுக்கு 13 செ.மீ. நகரச் சொன்னால் போதும். ஒரு சுற்று முடிய 4,300 தட்டல் ஆகும் என்றதும் கைதட்டுகிறவர் முகத்தைப் பாருங்கள். இதே அளவில் சூரியன் 2.8 செ.மீ. பந்து, பூமியோ கால் மில்லிமீட்டர். அதனால் யார் கையிலும் பந்து கொடுக்காதீர்கள், அளவு தப்பாகப் பதிந்துவிடும்.

எட்டாம் வகுப்புக்கு மேல் என்றால் கடைசியில் ஒரு கணக்கு. பூமியின் தூரத்தை 1 என்று வைத்தால் செவ்வாய் 1.52. அதன் கனம் 3.51. சுற்றும் காலம் 1.88 ஆண்டு, அதன் வர்க்கம் 3.53. தூரத்தின் கனமும் காலத்தின் வர்க்கமும் ஏறக்குறைய ஒன்றே, எல்லாக் கோளுக்கும் இப்படித்தான். வியாழனுக்கு 5.2 என்று மட்டும் கொடுத்து, காலத்தை அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 12 ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக வந்தால் சரி.