சென்னையில் வார இறுதிக்குக் கட்டுப்படியாகும் அறை எடுப்பது எப்படி?

தென் மாவட்டங்களிலிருந்து ரயிலில் கிளம்பி, சனிக்கிழமை விடியற்காலை எழும்பூரில் இறங்குபவர்கள், வாடகையை ஒப்பிடுவதற்கு முன் விடுதியின் நேரக் கணக்கை விசாரிக்க வேண்டும். நண்பகல் 12 மணிக் கணக்கு வைத்திருக்கும் ஓட்டலில் காலை 6 மணிக்கு நுழைந்தால், முந்தைய நாள் வாடகையையும் சேர்த்துக் கேட்கக்கூடும். எழும்பூர் லாட்ஜுகள் பலவற்றில் உள்ளதுபோல 24 மணி நேரக் கணக்கு என்றால், ஞாயிறு காலை 6 மணி வரை ஒரு நாள் வாடகையே போதும். அதன்பின், இரவு ரயில் வரை பெட்டிகளை வரவேற்பறையில் வைத்துக்கொள்வார்களா என்பதையும் முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.

வரி உட்பட மொத்தம் எவ்வளவு என்பதையும் தொலைபேசியில் உறுதி செய்துகொள்வது அவசியம். நாளொன்றுக்கு ரூ.7,500 வரையிலான அறைகளுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டுள்ளது.

அலுவலகங்கள் நிறைந்த கிண்டி, பழைய மகாபலிபுரம் சாலைப் பகுதிகளில் வார இறுதியில் வாடகை இறங்குவதுண்டு. ஆனாலும் மெட்ரோ நிலையம் நடக்கும் தூரத்தில் இல்லையென்றால், மிச்சமான பணம் ஆட்டோவுக்கே போய்விடும். மார்கழிக் கச்சேரிகளுக்காக வருபவர்கள் மயிலாப்பூர்ப் பக்கம் வெகு முன்னதாகவே பதிவு செய்வது நல்லது.

முன்பணம் கொடுப்பதற்கு முன் அறையை நேரில் பார்த்து, வெந்நீர் எத்தனை மணி வரை வரும் என்றும் கேளுங்கள்.