நாடு திரும்பிய பீஸ் கோர் தொண்டரைப் பாராட்டுவது எப்படி?

அமெரிக்காவில் வாழும் தமிழர்களின் அண்டை வீட்டிலோ, அலுவலகத்திலோ, பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலோ, அமெரிக்க அரசின் பன்னாட்டுத் தொண்டு அமைப்பான பீஸ் கோரின் (Peace Corps) தொண்டராக வெளிநாட்டில் பணியாற்றித் திரும்பிய ஒருவர் இருக்கக்கூடும். 1961 மார்ச் 1 அன்று அதிபர் கென்னடியின் ஆணையால் உருவான இவ்வமைப்பில் இதுவரை 2,40,000-க்கும் மேற்பட்டோர் சேவை செய்திருக்கிறார்கள். மூன்று மாதப் பயிற்சியும் இரண்டு ஆண்டுப் பணியுமாக ஏறத்தாழ 27 மாதங்கள், உள்ளூர் மக்களின் மொழியைக் கற்று, அவர்களின் வாழ்க்கைக்கு ஒத்த படித்தொகையில் அவர்களோடு வாழ்ந்து திரும்புகிறார்கள்.

இத்தகைய ஒருவரைக் கௌரவிக்க விரும்பும் தமிழ்ச் சங்கமோ தமிழ்ப் பள்ளியோ பொன்னாடைக்கும் கேடயத்துக்கும் ஏற்பாடு செய்வதற்கு முன், பீஸ் கோரின் மூன்று நோக்கங்களுள் கடைசியானதை அறிந்துகொள்வது நல்லது. பிற நாட்டு மக்களை அமெரிக்கர்கள் மேலும் நன்றாகப் புரிந்துகொள்ளச் செய்வதே அந்நோக்கம். ஆகவே, அவரைப் பேசவைத்துப் பொறுமையாகக் கேட்பதே அவருடைய பணிக்கு நாம் செய்யும் முதல் மரியாதை.

மார்ச் 1-ஐ ஒட்டி ஆண்டுதோறும் பீஸ் கோர் வாரம் கொண்டாடப்படுகிறது. நூலக அரங்கிலோ பள்ளியிலோ நிகழ்ச்சி நடத்த அது பொருத்தமான காலம். வாழ்த்துரைகளுக்கு இடையே ஐந்து நிமிடம் ஒதுக்காமல், முழு நிகழ்ச்சியையும் அவருக்கே கொடுங்கள். “ஆப்பிரிக்கா எப்படி இருந்தது?” என்று கேட்டால் யாராலும் விடை சொல்ல முடியாது. எந்த ஊர், யார் வீட்டில் தங்கினீர்கள், காலையில் என்ன சாப்பிட்டீர்கள், தண்ணீர் எங்கிருந்து வந்தது, எந்த முயற்சி பலிக்காமல் போனது என்று கேளுங்கள். உடன் உழைத்த உள்ளூர் ஆசிரியரையும் செவிலியரையும் பற்றிச் சொல்லும்படி மறவாமல் கேட்க வேண்டும். தொண்டரின் தியாகத்தை மட்டும் புகழ்ந்துவிட்டு, அவரை இரண்டு ஆண்டுகள் தாங்கிய ஊரை வறுமையின் படமாக மட்டும் காட்டும் மேடை, அவருக்கே சங்கடத்தைத் தரும் என்பது என் உறுதியான கருத்து.

இந்தியாவில் பணியாற்றியவர்களை நாம் தேடிச் செல்லவே வேண்டும். 1961 முதல் 1976 வரை கோழி வளர்ப்பு, ஊட்டச்சத்து, சுகாதாரம் முதலிய துறைகளில் அங்கு உழைத்தவர்கள் இன்று எழுபது வயதைக் கடந்த முதியவர்கள். பின்னாளில் அதிபரான ஜிம்மி கார்ட்டரின் தாயார் லிலியன் கார்ட்டர், 1966-இல் தம் 68-ஆம் வயதில் சேர்ந்து, மும்பையை அடுத்த விக்ரோலியில் செவிலியராகத் தொண்டாற்றினார். உங்கள் விருந்தினர் அன்றைய சென்னை மாநிலத்தில் இருந்தவராயின், அவரிடம் தமிழில் பேசிப் பாருங்கள். அவர் இசைந்தால் உரையாடலை ஒலிப்பதிவு செய்யுங்கள். இத்தகைய நேர்காணல்களை ஜான் எஃப். கென்னடி நூலகம் தன் ஆவணக் காப்பகத்தில் வைத்திருக்கிறது.

2020 மார்ச்சில் பெருந்தொற்றின் காரணமாக, 60-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஏறத்தாழ 7,000 தொண்டர்கள் ஒரே வேளையில் திருப்பி அழைக்கப்பட்டார்கள். வகுப்பைப் பாதியில் விட்டு, தங்கவைத்து ஆதரித்த குடும்பத்திடம் விடைபெறக்கூட நேரமின்றி வந்தவர்கள் பலர். அவர்களிடம் அந்தக் கடைசி நாட்களைப் பற்றித் துருவிக் கேட்காதீர்கள். அவர்களே சொல்ல முன்வந்தால் குறுக்கிடாமல் கேளுங்கள்.

பணியாளர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இன்னொரு கடமையும் உண்டு. விண்ணப்பத்தில் தெரியும் அந்த 27 மாதங்களை வேலையில்லா இடைவெளியாகக் கருதாமல், புதிய மொழியில், குறைந்த வசதிகளுடன் பொறுப்பேற்று உழைத்த அனுபவமாக மதிப்பிடுங்கள். சேவையை முடித்தவர்களுக்கு வழக்கமான போட்டித் தேர்வுமுறையின்றிக் கூட்டாட்சி அரசுப் பணிகளில் சேரும் தகுதி குறிப்பிட்ட காலத்துக்கு அளிக்கப்படுகிறது. தனியார் நிறுவனம் குறைந்தபட்சம் நேர்காணலுக்காவது அழைக்கலாம்.

சங்கத்தில் நிதி இருந்தால், நினைவுப் பரிசுக்குச் செலவிடும் தொகையைப் பீஸ் கோர் கூட்டாண்மைத் திட்டத்தின் (Peace Corps Partnership Program) வழியாக, முடிந்தால் அவர் பணியாற்றிய நாட்டிலேயே நடக்கும் ஒரு சிறு திட்டத்துக்கு அனுப்பலாம். எதற்கு அனுப்புவது என்பதை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.